யூஃபோனியா: ஒரு பறவைப் பேரினமும் அதன் அறிவியல் பெயரும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

யூஃபோனியா என்பது எந்தப் பறவையைக் குறிக்கிறது?

வெப்பமண்டல அமெரிக்காவில் வாழும் சிறிய பாடும் பறவைகளின் பேரினம் ஒன்றின் அறிவியல் பெயர் யூஃபோனியா. மெக்சிகோவின் வடபகுதியில் தொடங்கி, மத்திய அமெரிக்கா வழியாக, அர்ஜென்டினாவின் வடபகுதி வரை இப்பேரினத்தின் பறவைகள் பரவியுள்ளன. இன்றைய பட்டியல்களின்படி இதில் ஏறத்தாழ 25 சிற்றினங்கள் அடங்கும். உடல் நீளம் பெரும்பாலும் 9 முதல் 12 சென்டிமீட்டர். எடை பத்துப் பதினைந்து கிராம். குட்டையான வால், தடித்த சிறு அலகு, உருண்டையான உடல் என்று எல்லாச் சிற்றினங்களும் ஒரே வார்ப்பில் அமைந்தவை.

ஆண் பறவைக்கு முதுகும் இறக்கையும் நீலமோ ஊதாவோ மின்னும் கருமை நிறத்திலும், நெற்றியும் வயிறும் மஞ்சளாகவும் இருப்பதே பொது வழக்கம். பெண் பறவை மங்கிய ஆலிவ் பச்சை. விதிவிலக்குகளும் உண்டு: யூஃபோனியா பிளம்பியாவின் ஆணுக்குத் தலையும் மார்பும் ஈயச் சாம்பல் நிறம், யூஃபோனியா காயென்னென்சிஸின் ஆண் ஏறக்குறைய முழுவதும் கருநீலமாக இருந்து, மார்பின் இருபுறமும் ஒரு மஞ்சள் கொத்தை மட்டும் காட்டும், யூஃபோனியா கோல்டியில் இரு பாலினமுமே பசுமை சார்ந்தவை.

பெயரின் பொருள் என்ன? பறவைகளின் குரல் அதற்கு ஏற்றதாக இருக்கிறதா?

கிரேக்க மொழியில் 'எயூ' என்ற முன்னொட்டு நன்மையையும், 'ஃபோனே' என்பது குரலையும் குறிக்கும். எனவே யூஃபோனியா என்றால் இன்குரல். யூஃபோனியம் என்னும் பித்தளைக் காற்றிசைக் கருவியின் பெயரும் இதே வேரிலிருந்து வந்ததுதான்.

குரல் பெயருக்கு ஏற்றதா என்ற கேள்விக்குச் சிற்றினத்துக்குச் சிற்றினம் விடை மாறும். யூஃபோனியா வியோலாசியா நிறுத்தாமல் பலவகை ஒலிகளைக் கோத்துப் பாடும். இடையிடையே மற்ற பறவைகளின் குரல்களையும் சேர்த்துக்கொள்ளும். பிரேசிலில் 'ஃபிம்-ஃபிம்' என்று அழைக்கப்படும் யூஃபோனியா குளோரோட்டிகாவிடம் நாம் பெரும்பாலும் கேட்பது அந்தப் பெயரையே இரண்டு மெல்லிய சீழ்க்கைகளாக உச்சரிப்பது போன்ற அழைப்பொலி மட்டுமே. இனிமையானதுதான், ஆனால் அதைக் கச்சேரி என்று சொல்ல முடியாது. பேரினத்தின் பெயர் எல்லாச் சிற்றினங்களுக்கும் பொருந்தும் வருணனையாக இருக்க வேண்டும் என்று பெயரீட்டு விதிகள் எதிர்பார்ப்பதில்லை என்பதையும் இங்கே நினைவில் கொள்ளலாம்.

இந்தப் பெயரை இட்டவர் யார்?

பிரெஞ்சு விலங்கியலாளர் அன்செல்ம் கேட்டான் டெமாரே, 1806ஆம் ஆண்டில். டானேஜர்கள், மனாக்கின்கள், டோடிகள் ஆகிய மூன்று பறவைக் கூட்டங்களைப் பற்றி அவர் பகுதி பகுதியாக வெளியிட்ட நூலில் இப்பெயர் முதன்முதலாக வருகிறது. அந்த நூலின் வண்ணப் படங்களை வரைந்தவர் பவுலின் த கூர்செல். இன்று பெரும்பாலான நூலகங்களில் அது படங்களுக்காகவே போற்றப்படுகிறது என்றாலும், பெயரீட்டு வரலாற்றில் அதன் உரைக்கும் ஒரு நிலையான இடம் உண்டு.

'இன்குரல்' என்ற எண்ணம் டெமாரேயுக்கு முன்பே பிரெஞ்சு எழுத்தில் இருந்தது. இன்றைய ஹெய்ட்டி அமைந்துள்ள தீவில் வாழும் நீலத்தலைச் சிறு பறவை ஒன்றை 18ஆம் நூற்றாண்டிலேயே 'ஆர்கனிஸ்ட்', அதாவது ஆர்கன் இசைக்கருவியை வாசிப்பவர், என்று அழைத்தனர். அது தாழ்ந்த சுரத்திலிருந்து உயர்ந்த சுரம் வரை ஏறிப் பாடுகிறது என்று பயணிகள் எழுதியிருந்ததே காரணம். இயற்கையியலாளர் பூஃபோன் அப்பெயரை எடுத்தாண்டார். 1789இல் ஜெர்மன் இயற்கையியலாளர் க்மெலின் அப்பறவைக்கு 'மூசிகா' என்ற லத்தீன் சிற்றினப் பெயரைத் தந்தார். பிரெஞ்சில் இக்கூட்டம் முழுவதையும் இன்றும் 'ஆர்கனிஸ்ட்' என்றே சொல்கிறார்கள். வேடிக்கை என்னவென்றால், இசையின் பெயரைத் தாங்கிய அந்த மூசிகா பறவை இப்போது யூஃபோனியா பேரினத்தில் இல்லை. அது எங்கே போயிற்று என்பது கீழே வருகிறது.

1806க்கு முன் இப்பறவைகளை அறிவியல் எந்தப் பெயரில் அறிந்திருந்தது?

பல பெயர்களில். இருசொற் பெயரீட்டு முறையை நிலைநாட்டிய ஸ்வீடன் நாட்டு இயற்கையியலாளர் காரல் லின்னேயஸ் 1758ஆம் ஆண்டில் வெளியிட்ட தமது 'சிஸ்டெமா நாட்டுரே' நூலின் பத்தாம் பதிப்பில் வியோலாசியாவை 'ஃப்ரிஞ்சில்லா வியோலாசியா' என்று பதிவு செய்தார். ஃப்ரிஞ்சில்லா என்பது ஐரோப்பியத் தோட்டங்களில் காணப்படும் ஃபிஞ்ச் பறவைகளின் பேரினம். தடித்த சிறு அலகைப் பார்த்து அவர் அப்படி முடிவு செய்திருக்க வேண்டும். ஜமைக்காத் தீவின் பறவையையும் 1766இல் அதே பேரினத்தில் 'ஃப்ரிஞ்சில்லா ஜமைக்கா' என்று வைத்தார். ஆனால் அதே 1766ஆம் ஆண்டுப் பதிப்பில் வியோலாசியாவை ஃப்ரிஞ்சில்லாவிலிருந்து எடுத்து 'டனாக்ரா' பேரினத்திற்கு மாற்றிவிட்டார். குளோரோட்டிகாவும் டனாக்ராவாகவே அவரிடம் அறிமுகமானது.

பின்வந்தவர்கள் இன்னொரு திசையில் சென்றார்கள். க்மெலின் மூசிகாவையும், 1801இல் ஆங்கிலப் பறவையியலாளர் லேதம் பெக்டோராலிஸையும் 'பிப்ரா' என்னும் மனாக்கின் பேரினத்தில் வைத்தனர். உருவம் சிறியது, வால் குட்டை, பழம் தின்பது, வாழ்வது அதே காடுகளில். ஐரோப்பாவுக்குக் கப்பலில் வந்து சேர்ந்த காய்ந்த தோல்களை மட்டும் வைத்துக்கொண்டு வகைப்படுத்தியவர்களுக்கு இந்த ஒற்றுமைகள் போதுமானவையாகத் தோன்றின. உண்மையில் மனாக்கின்கள் குரல்வளை அமைப்பிலேயே வேறுபட்ட ஒரு பிரிவைச் சேர்ந்தவை; பாடும் பறவைகள் என்ற குறுகிய பொருளில் அவை அடங்குவதே இல்லை. ஆகவே ஐம்பது ஆண்டுகளுக்குள் ஒரே கூட்டம் ஃபிஞ்ச், டானேஜர், மனாக்கின் என்று மூன்று வீடுகளில் குடியிருந்தது.

பழைய நூல்களில் 'டனாக்ரா' என்று இருக்கிறதே, அது தவறா?

அக்கால விதிகளின்படி அது தவறன்று. இந்தப் பேரினத்தின் பெயர் வரலாற்றில் மிகவும் சிக்கலான பகுதி இதுதான்.

பிரேசிலின் துப்பி மொழியில் 'டங்காரா' என்பது வண்ணப் பறவைகள் சிலவற்றின் பெயர். 1760இல் பிரெஞ்சு விலங்கியலாளர் பிரிசோன் அதை அப்படியே பேரினப் பெயராக எடுத்துக்கொண்டார். லின்னேயஸ் எழுத்துகளை இடம் மாற்றி அதை 'டனாக்ரா' ஆக்கினார்; லத்தீன் காதுக்கு அது இதமாகப் பட்டிருக்கலாம். ஓர் எழுத்தின் இடமாற்றம் என்றாலும், பெயரீட்டில் இவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இரண்டும் இருநூறு ஆண்டுகள் ஒன்றையொன்று இடறிக்கொண்டிருந்தன.

பெயரீட்டின் அடிப்படை விதி முந்துரிமை: ஒரே கூட்டத்துக்கு இரண்டு பெயர்கள் இருந்தால் முதலில் வெளியானதே செல்லும். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அறிஞர்கள் பழைய வெளியீடுகளைத் துருவியபோது, டனாக்ரா என்ற பெயரை லின்னேயஸ் 1764ஆம் ஆண்டிலேயே ஓர் அருங்காட்சியக விவரப் பட்டியலில் பயன்படுத்தியிருப்பதும், அங்கே அது வியோலாசியாவையே குறிப்பதும் தெரியவந்தது. அப்படியானால் 1806ஆம் ஆண்டின் யூஃபோனியாவை விட 1764ஆம் ஆண்டின் டனாக்ரா மூத்தது. விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தவர்கள் யூஃபோனியாவைக் கைவிட்டு, இந்தச் சிறு பறவைகளை டனாக்ரா என்று எழுதத் தொடங்கினார்கள். 1936இல் வெளியான ஹெல்மயரின் அமெரிக்கப் பறவைகள் பட்டியலும் அப்படியே செய்தது. ஆனால் அதற்கு முந்தைய நூற்றாண்டின் நூல்களில் டனாக்ரா என்பது நீலச் சாம்பல் டானேஜர் போன்ற பெரிய பறவைகளுக்கு வழங்கிய பெயர். ஒரே சொல் எந்த ஆண்டின் நூலில் வருகிறது என்பதைப் பொறுத்து இரண்டு வேறு பறவைகளைக் குறித்தது.

விலங்கியல் பெயரீட்டுக்கான பன்னாட்டு ஆணையத்திற்கு, குழப்பம் விளைவிக்கும் மூத்த பெயரை முடக்கி, வழக்கில் ஊன்றிய இளைய பெயரைக் காப்பாற்றும் அதிகாரம் உண்டு. 1968இல் ஆணையம் டனாக்ராவை முடக்கியது. யூஃபோனியா தன் பறவைகளைத் திரும்பப் பெற்றது. பெரிய பறவைகளுக்கு 'த்ராப்பிஸ்' என்ற பெயர் உறுதியானது. டனாக்ரிடே என்ற பழைய பெயரை விட்ட டானேஜர் குடும்பமும் இன்று த்ராப்பிடே என்றே வழங்குகிறது. முந்துரிமை விதியை விட நிலைபேற்றுக்கு முதலிடம் தந்த இந்த முடிவு சரியானது என்றே நினைக்கிறேன். பெயர் என்பது பறவையைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் கருவி. தேடுபவரைத் தவறான பறவையிடம் கொண்டு சேர்க்கும் பெயருக்கு மூப்பு மட்டும் நியாயமாகாது.

அப்படியானால் 'டங்காரா' என்ற பெயர் இன்று எந்தப் பறவைகளுக்கு உரியது?

பல வண்ண டானேஜர்களின் பெரிய பேரினம் ஒன்றுக்கு. அது த்ராப்பிடே குடும்பத்தில் இருக்கிறது. ஆனால் அர்ஜென்டினாவில் பறவை பார்ப்பவர்கள் யூஃபோனியா குளோரோட்டிகாவைப் பேச்சு வழக்கில் இன்னமும் டங்காரா என்று சொல்வதால், ஸ்பானிய மொழிக் குறிப்புகளைப் படிப்பவர்கள் கவனமாக இருக்க வேண்டும்.

யூஃபோனியா டானேஜரா, ஃபிஞ்சா?

ஃபிஞ்ச். அதாவது ஃப்ரிஞ்சில்லிடே குடும்பம். இருபதாம் நூற்றாண்டு முழுவதும் வெளியான வழிகாட்டி நூல்கள் இதை டானேஜர் என்றே சொல்லிவந்ததால் இந்த விடை பலருக்கு வியப்பூட்டுகிறது.

டானேஜர்களோடு சேர்த்ததற்குக் காரணங்கள் இல்லாமல் இல்லை. பளிச்சிடும் நிறங்கள், பழ உணவு, வெப்பமண்டல அமெரிக்க வாழிடம் ஆகிய மூன்றும் இரு கூட்டங்களுக்கும் பொது. இறக்கையில் வெளியே தெரியும் முதன்மைச் சிறகுகள் இரண்டிலும் ஒன்பதுதான். ஆனால் ஒன்பது சிறகு என்பது ஃபிஞ்ச், டானேஜர், அமெரிக்க வார்ப்ளர் உள்ளிட்ட ஒரு பெரிய கூட்டத்திற்கே பொதுவான பண்பு. நிறமும் உணவும் ஒரே சூழலில் வாழும் தொலைவான உறவுகளில் தனித்தனியே தோன்றக்கூடியவை. எனவே, சான்றுகள் பல இருப்பது போலத் தோன்றினாலும் அவற்றில் எதுவும் நெருங்கிய உறவை நிறுவப் போதுமானதாக இருக்கவில்லை.

பொருந்தாத செய்திகளும் முன்பே தெரிந்திருந்தன. டானேஜர்கள் பொதுவாகக் கிண்ணம் போன்ற திறந்த கூடு கட்டுகின்றன. யூஃபோனியாக்கள் கூரை மூடிய உருண்டைக் கூடு கட்டுகின்றன. இவற்றின் இரைப்பை அமைப்பு வேறு எந்த டானேஜரிலும் காணப்படாதது. 1990களின் பிற்பகுதியிலிருந்து டிஎன்ஏ வரிசைகளை ஒப்பிட்ட ஆய்வுகள், யூஃபோனியாவும் அதன் உறவான குளோரோஃபோனியாவும் டானேஜர் கிளையில் சேராமல் ஃபிஞ்ச் கிளையில் விழுவதைத் திரும்பத் திரும்பக் காட்டின. 2003இல் அமெரிக்கப் பறவையியலாளர் சங்கத்தின் பட்டியல் அவற்றை ஃப்ரிஞ்சில்லிடே குடும்பத்திற்கு மாற்றியது. அக்குடும்பத்தில் இன்று மூன்று துணைக்குடும்பங்கள்: ஃப்ரிஞ்சில்லினே, கார்டுவெலினே, யூஃபோனினே. மூன்றாவது துணைக்குடும்பம் முழுவதும் இந்த இரண்டு பேரினங்கள் மட்டுமே.

1758இல் லின்னேயஸ் எழுதிய ஃப்ரிஞ்சில்லா வியோலாசியா இங்கே நினைவுக்கு வருவது இயல்பு. அவர் தொடக்கத்திலேயே சரியாகக் கண்டுகொண்டார் என்று சிலர் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டில் எனக்கு முழு உடன்பாடில்லை. அதே காலத்தில் ஃபிஞ்சுக்கு எந்த உறவும் இல்லாத பல தடித்த அலகுப் பறவைகளையும் அவர் ஃப்ரிஞ்சில்லாவில் சேர்த்திருந்தார். எட்டு ஆண்டுகளுக்குள் வியோலாசியாவைத் தாமே வெளியே எடுத்தும் விட்டார்.

குடும்பம் மாறியபோது அறிவியல் பெயர் ஏன் மாறவில்லை?

இருசொற் பெயரில் பேரினமும் சிற்றினமும் மட்டுமே இடம் பெறுகின்றன. குடும்பம் அதற்கு மேலே உள்ள படி. எனவே பேரினம் முழுவதும் ஒரு குடும்பத்திலிருந்து இன்னொன்றுக்குப் போனாலும் யூஃபோனியா வியோலாசியா அதே பெயரில்தான் போகும். பேரினத்தின் எல்லையே மாறினால்தான் பெயரின் முதற்சொல் மாறும். அண்மையில் அதுவும் நடந்தது.

எந்தச் சிற்றினங்கள் யூஃபோனியாவிலிருந்து விலகின?

தலையுச்சி வான்நீலமாக இருக்கும் கூட்டம். மெக்சிகோவிலும் மத்திய அமெரிக்காவிலும் வாழும் எலிகன்டிசிமா, தென் அமெரிக்காவின் சயனோசெஃபாலா, கரீபியத் தீவுகளின் மூசிகா ஆகியவை இதில் அடங்கும். 2020இல் வெளியான விரிவான மரபணு ஆய்வு ஒன்று, இந்த நீலத்தலைக் கூட்டம் மற்ற யூஃபோனியாக்களை விடப் பச்சை நிறக் குளோரோஃபோனியாக்களுக்கே நெருக்கமானது என்று காட்டியது. ஒரு பேரினத்தின் உறுப்பினர்கள் அனைவரும் ஒரே மூதாதையின் வழிவந்தவர்களாகவும், அந்த வழியினர் யாரும் வெளியே விடப்படாமலும் இருக்க வேண்டும் என்பது இன்றைய வகைப்பாட்டின் நிபந்தனை. நீலத்தலைப் பறவைகளை யூஃபோனியாவிலேயே வைத்தால் அந்த நிபந்தனை உடைகிறது.

தீர்வுகள் இரண்டு இருந்தன. ஆய்வாளர்கள், பறவையியலாளர் சார்ல் லூசியன் பொனபார்ட் 19ஆம் நூற்றாண்டில் உருவாக்கிக் கிடப்பில் போன 'சயனோஃபோனியா' என்ற பேரினத்தை உயிர்ப்பிக்கலாம் என்று முன்மொழிந்தனர். பட்டியல்களைப் பேணும் குழுக்களோ கூட்டத்தைக் குளோரோஃபோனியாவுடன் இணைப்பதைத் தேர்ந்தெடுத்தன. ஆகவே இன்றைய பெயர்கள் குளோரோஃபோனியா எலிகன்டிசிமா, குளோரோஃபோனியா சயனோசெஃபாலா, குளோரோஃபோனியா மூசிகா. குளோரோஃபோனியா என்ற சொல் பச்சையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லையும் யூஃபோனியாவின் பின்பாதியையும் ஒட்டி உருவானது. நேராகப் பிரித்தால் 'பச்சைக் குரல்' என்று வரும். கரீபியக் கூட்டத்தை ஹிஸ்பானியோலா, போர்ட்டோ ரிக்கோ, சிறிய ஆன்ட்டிலீஸ் என்று மூன்று சிற்றினங்களாகப் பிரிப்பதும் இப்போது வழக்கத்துக்கு வந்துள்ளது.

பேச்சு வழக்கில் இவை இன்னமும் யூஃபோனியாக்களே. எனவே 'யூஃபோனியா' என்ற பொதுப்பெயரின் எல்லையும் பேரினத்தின் எல்லையும் இப்போது ஒன்றல்ல.

சிற்றினப் பெயரைத் தொடர்ந்து வரும் நபர் பெயர் சில இடங்களில் அடைப்புக்குறிக்குள் இருப்பது ஏன்?

பெயரிட்டவர் முதலில் வைத்த பேரினத்திலேயே சிற்றினம் இன்றும் இருந்தால் அடைப்புக்குறி இல்லை. வேறு பேரினத்திற்கு மாறியிருந்தால் உண்டு. யூஃபோனியா மினூட்டா கபானிஸ், 1849 என்பதில் அடைப்புக்குறி வராது. யூஃபோனியா வியோலாசியா (லின்னேயஸ், 1758) என்பதில் வரும்.

சிற்றினப் பெயர்களின் பொருளைத் தெரிந்துகொண்டால் பறவையை அடையாளம் காண முடியுமா?

ஓரளவுக்கு. சாந்தோகாஸ்டர் என்றால் மஞ்சள் வயிறு, லூட்டேயிகாப்பில்லா மஞ்சள் தலையுச்சி, ரூஃபிவென்ட்ரிஸ் செம்பழுப்பு வயிறு, ஃபுல்விக்ரிஸ்ஸா வாலடியில் பழுப்பு மஞ்சள், பிளம்பியா ஈய நிறம். மினூட்டா சிறியது, அது உண்மையிலேயே கூட்டத்தில் சிறியவற்றுள் ஒன்று. லானீரோஸ்ட்ரிஸ் என்றால் கீச்சான் பறவையின் அலகு. தடித்த அலகை அது சுட்டுகிறது. ஹிருண்டினாசியா தகைவிலானைப் போன்றது என்று பொருள்படும். கோல்டி, ஃபின்ஷி, கோட்மனி ஆகியவை முறையே ஜான் கோல்டு, ஓட்டோ ஃபின்ஷ், ஃபிரெடெரிக் கோட்மன் ஆகிய இயற்கையியலாளர்களை நினைவுகூர்கின்றன.

இடப்பெயர்களை அளவோடு நம்ப வேண்டும். யூஃபோனியா ஜமைக்கா அந்தத் தீவில் மட்டுமே வாழ்கிறது. யூஃபோனியா டிரினிட்டாட்டிஸோ டிரினிடாடோடு நிற்காமல் வெனிசுவேலா, கொலம்பியா நிலப்பகுதிகளிலும் பரவியுள்ளது. மஞ்சள் வயிறு என்ற அடையாளமும் தனியாக உதவாது. இப்பேரினத்தில் பாதிக்கு மேற்பட்ட ஆண்களுக்கு மஞ்சள் வயிறுதான்.

பின் களத்தில் எதைப் பார்த்துப் பிரித்தறிவது?

ஆண்களில் முதலில் தொண்டையைப் பார்க்க வேண்டும். வியோலாசியா, ஹிருண்டினாசியா, லானீரோஸ்ட்ரிஸ் ஆகியவற்றில் மஞ்சள் தொண்டை வரை ஏறியிருக்கும். குளோரோட்டிகா, அஃபினிஸ், மினூட்டா ஆகியவற்றில் தொண்டை கருமையாக இருக்கும். அடுத்து, மஞ்சள் நெற்றியோடு நிற்கிறதா, கண்ணைத் தாண்டிப் பின்னோக்கிச் செல்கிறதா என்பது. மூன்றாவது வாலடி: மினூட்டாவில் அது வெள்ளை. மரத்தின் உச்சியில் எதிரொளியில் உட்கார்ந்திருக்கும் பறவையிடம் கீழிருந்து பார்ப்பவருக்கு முதலில் தெரிவதும் இந்த வாலடிதான் என்பதால் அதற்குத் தனி மதிப்பு உண்டு.

பெண்கள் கடினம். கூட இருக்கும் ஆணை வைத்து முடிவு செய்வதே அனுபவசாலிகளின் வழி. இவை பெரும்பாலும் இணையாகவே திரிவதால் அது பலிக்கிறது. பெண்ணை ஒத்த தோற்றத்தில் நெற்றியில் மட்டும் மஞ்சள் திட்டுகள் கண்டால் அது இளம் ஆணாக இருக்கலாம்.

யூஃபோனியாக்கள் புல்லுருவிப் பழத்தை நம்பி வாழ்கின்றன என்பது உண்மையா?

பெரும்பகுதி உண்மை. மரக்கிளைகளில் ஒட்டி வளர்ந்து, அம்மரத்திலிருந்தே நீரை உறிஞ்சும் புல்லுருவிகளின் சிறு கனிகள் பல சிற்றினங்களுக்கு முதன்மை உணவு. அத்திப்பழங்கள், மரங்களில் தொற்றி வளரும் கள்ளிகளின் கனிகள், சிறு பூச்சிகள், சிலந்திகள் ஆகியவற்றையும் இவை உண்கின்றன. ஒரே காட்டில் வாழும் சிற்றினங்களுக்குள்ளும் புல்லுருவியைச் சார்ந்திருக்கும் அளவு வேறுபடும்.

உண்ணும் முறையை அருகிலிருந்து பார்த்தால் அலகின் தடிமனுக்குக் காரணம் விளங்கும். பறவை ஒரு கனியைப் பறித்து, அலகின் விளிம்புகளுக்கிடையே வைத்து நெருக்குகிறது. தோல் பிதுங்கிப் பிரிந்து கீழே விழ, பசையால் சூழப்பட்ட விதை மட்டும் உள்ளே போகிறது. பெரும்பாலான பறவைகளில் உணவை அரைக்கும் தசைப்பையாக இருக்கும் அரைவைப்பை, இவற்றில் முன்னிரைப்பைக்கும் குடலுக்கும் இடையே மெல்லிய சவ்வாலான ஒரு குறுகிய வளையமாகச் சுருங்கிவிட்டது. 19ஆம் நூற்றாண்டின் உடற்கூற்று ஆய்வுகளே இதைப் பதிவு செய்துள்ளன. அரைக்க எதுவும் இல்லாததால் விதைகள் சிதையாமல் விரைவாகக் குடலைக் கடக்கின்றன. கழிவாக வெளிவரும்போது பசை அறுபடாமல் நீளும். நூலில் கோத்த மணிகளைப் போல விதைகள் வரிசையாகத் தொங்கும். அந்த இழை காற்றில் ஆடி அடுத்த கிளையில் பட்டதும் ஒட்டிக்கொள்ளும், அல்லது பறவையே உடலைக் கிளையில் தேய்த்து அதை அகற்றும். விதை முளைக்க வேண்டிய இடம் அந்தக் கிளையே. மண்ணில் விழுந்தால் அதற்கு வாழ்வில்லை. பறவைக்கு உணவு, புல்லுருவிக்குப் போக்குவரத்து. நடுவில் நீரை இழக்கும் மரத்தின் கருத்தை யாரும் கேட்பதில்லை.

ஆசியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இதே வேலையை மலர்கொத்திகள் செய்கின்றன. அவை வேறு குடும்பம். அவற்றிலும் இரைப்பை மாறியிருக்கிறது, ஆனால் வேறு வழியில்: அரைவைப்பை ஒரு பக்கப் பையாக ஒதுங்கிவிட, பூச்சிகள் அதற்குள்ளும் புல்லுருவிப் பழங்கள் அதைத் தொடாமல் நேரே குடலுக்கும் செல்கின்றன.

கூடும் இனப்பெருக்கமும் எப்படி?

பாசி, நுண்வேர், காய்ந்த இலை ஆகியவற்றால் ஆன உருண்டைக் கூடு, வாசல் பக்கவாட்டில். மரத்தில் தொற்றி வளரும் செடிகளின் நடுவிலும், உளுத்த கம்பத்தின் பொந்திலும், பாசி படர்ந்த மண்சரிவிலும் அதைச் செருகிவைப்பதால் கண்ணில் படுவது அரிது. ஆணும் பெண்ணும் சேர்ந்து கட்டுகின்றன. முட்டைகள் வெண்மையில் பழுப்புப் புள்ளிகள் கொண்டவை, அடைகாப்பது பெண். குஞ்சுகளுக்கு இரை ஊட்ட இரண்டும் பெரும்பாலும் ஒன்றாக வந்து, அலகில் எதையும் ஏந்தாமல், உள்ளே சேமித்ததைக் கக்கி ஊட்டுகின்றன. எனவே அலகில் இரையோடு பறக்கும் பறவையைப் பின்தொடர்ந்து கூட்டைக் கண்டுபிடிக்கும் வழக்கமான உத்தி இவற்றிடம் பலிப்பதில்லை.

மற்ற பறவைகளின் குரலை இவை ஏன் போலச்செய்கின்றன?

நன்கு ஆராயப்பட்ட எடுத்துக்காட்டு தடித்த அலகு யூஃபோனியாவாகிய லானீரோஸ்ட்ரிஸ். பனாமாவில் இதைக் கவனித்த யூஜின் மார்ட்டன் 1976இல் வெளியிட்ட கட்டுரையில், தன் கூட்டருகே ஆபத்து நெருங்கும்போது இப்பறவை அக்கம்பக்கத்தில் வாழும் வேறு சிற்றினங்களின் எச்சரிக்கைக் குரல்களை எழுப்புவதை விவரித்தார். அதைக் கேட்ட அந்தச் சிற்றினப் பறவைகள் தங்கள் கூட்டத்தில் யாரோ அழைப்பதாக எண்ணி ஓடிவந்து பகையைச் சூழ்ந்து விரட்டுகின்றன. யூஃபோனியாவோ சற்று ஒதுங்கியே இருக்கிறது. இன்குரல் என்ற பேரினப் பெயரை வைத்தவருக்கு அக்குரலின் இப்படியொரு பயன் தெரிந்திருக்க வழியில்லை.

வியோலாசியாவின் பாட்டிலும் பிற குரல்கள் மிகுதி. ஆனால் அங்கே அவை பாட்டின் உறுப்புகளாகவே வருகின்றன.

இவை அழியும் நிலையில் உள்ளனவா?

பேரினத்தின் பெரும்பாலான சிற்றினங்கள் உலக அளவில் உடனடி ஆபத்தில் இல்லை. காட்டு ஓரம், தோட்டம், காப்பி, கோக்கோ நிழல் மரங்கள் ஆகியவற்றிலும் பல சிற்றினங்கள் வாழக்கூடியவை. புல்லுருவி இருக்கும் இடத்தில் இவையும் இருக்கும். உள்ளூர் அளவில் சிக்கல் குரலால் வருகிறது. டிரினிடாடில் 'செம்ப்' என்றும் பிரேசிலில் 'கத்துராமு' என்றும் அழைக்கப்படும் வியோலாசியாவை அதன் பாட்டுக்காகவே பிடித்துக் கூண்டில் அடைக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு.

தமிழில் 'யூஃபோனியா' என்று எழுதுவது சரியா?

லத்தீன் ஒலிப்பை ஒட்டி 'எயூஃபோனியா' என்றும் எழுதலாம். அறிவியல் பெயரின் எழுத்துகள் உலகெங்கும் ஒன்று. ஒலிப்புக்கு அப்படி விதி இல்லை. ஆங்கில வழி வந்த 'யூஃபோனியா' என்ற வடிவமே படிப்பவர்களுக்குப் பழகியிருப்பதால் இங்கே அதைப் பின்பற்றியிருக்கிறோம். தமிழ்ப் பெயர் ஒன்றைப் புதிதாகப் புனைவதில் தவறில்லை என்றாலும், அறிவியல் பெயரின் இடத்தில் அதை வைக்கக் கூடாது.

பழைய நூலிலோ அருங்காட்சியகச் சீட்டிலோ வேறு பெயர் இருந்தால் இன்றைய பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது?

சிற்றினச் சொல்லையும், பெயரிட்டவரையும், ஆண்டையும் பற்றிக்கொண்டு தேட வேண்டும். பேரினம் எத்தனை முறை மாறினாலும் இந்த மூன்றும் பெரும்பாலும் மாறுவதில்லை. 'டனாக்ரா குளோரோட்டிகா லின்னேயஸ் 1766' என்று சீட்டில் இருந்தால் இன்று யூஃபோனியா குளோரோட்டிகா; 'பிப்ரா மூசிகா க்மெலின் 1789' என்றால் குளோரோஃபோனியா மூசிகா. 1930களுக்கும் 1960களுக்கும் இடைப்பட்ட நூல்களில் டனாக்ரா என்று கண்டால் யூஃபோனியா என்றும், 19ஆம் நூற்றாண்டு நூல்களில் கண்டால் முதலில் த்ராப்பிஸ் என்றும் எடுத்துக்கொண்டு சரிபார்க்கலாம். சேகரித்த இடம் சீட்டில் எழுதப்பட்டிருந்தால் அதையும் பரவல் வரைபடத்தோடு ஒப்பிட வேண்டும்.